தாளில் உள்ளதெல்லாம்

அவருக்கு வணக்கம் சொன்னால் வணக்கம் திரும்பி வராது. கைதான் நீளும். அந்தக் கையில் தாளை வைக்க வேண்டும். வாங்கியதும் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலுக்குப் போவார். இரண்டு கையாலும் மேல் ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். ஒருமுறை முன்பக்கம், ஒருமுறை பின்பக்கம். அதற்குப் பிறகுதான் தாளைக் கொண்டு வந்தவருக்கு ஒரு முகம் இருப்பது அவருக்குத் தெரியவரும். "இருங்க," என்பார்.

ஹட்டனில் பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறும் தெருவில், ஒரு பலசரக்குக் கடையின் மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் என்னுடைய போட்டோ கொப்பிக் கடை. மற்றதில் அவர். கதவில் ‘சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். அவர் மொழிபெயர்த்து முத்திரை குத்திக் கொடுத்தால் கோர்ட்டிலும் அரசாங்கக் கந்தோரிலும் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்வார்கள். அவ்வளவு நீளமான பெயரைப் படியேறி வருகிறவர்களால் சொல்ல முடியாது. எல்லோருக்கும் அவர் மிஸ். ஏழு வருடம் பக்கத்து அறையில் இருந்த எனக்கும் மிஸ்தான். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அந்த அறையில் இன்று மணப்பெண் அலங்காரம் செய்கிறார்கள்.

எங்கள் ஊரில் வெளிச்சத்தை நம்பித் தொழில் செய்வது லேசான காரியமில்லை. மழை பிடித்தால் வாரக்கணக்கில் விடாது. மழை விட்டால் பனிமூட்டம் வந்து ஜன்னலில் உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட நாட்களில் மிஸ் தாளை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வருவார். கேட்காமலே என் மெஷினின் மூடியைத் தூக்குவார். கண்ணாடியின் மேல் தாளை வைத்துப் பொத்தானை அழுத்துவார். கீழேயிருந்து வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடும். அது ஓடி முடிவதற்குள் தாளுக்குள் இருப்பதைப் பார்த்துவிட வேண்டும். தவறவிட்டால் திரும்பவும் அழுத்துவார். மூடி திறந்திருப்பதால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் சுற்றிலும் கன்னங்கரேலென்று ஒரு கொப்பி வந்து விழும். என் மை இப்படிப் போகிறதே என்று எனக்கு வயிறு எரியும். அவர் அந்தக் கறுப்புக் கொப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கத்தில் குறிப்பெழுதுவார்.

தாளில் உள்ளதெல்லாம் மொழிபெயர்ப்பில் வர வேண்டும் என்பது அவருடைய சட்டம். மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் எழுத்தை மொழிபெயர்ப்பார்கள். இவர் தாளை மொழிபெயர்ப்பார். பிறப்புச் சான்றிதழ் ஒன்றை சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றினால், பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம் எல்லாம் முடிந்த பிறகு, அடைப்புக்குறிக்குள் அவருடைய சொந்தக் கச்சேரி ஆரம்பமாகும். ‘மேல் வலது மூலையில் தேநீர்க் கறை.’ ‘நான்காம் மடிப்பில் கறையான் அரித்த துளை, எழுத்து எதுவும் போகவில்லை.’ ‘முத்திரை இரண்டு முறை குத்தப்பட்டுள்ளது, முதலாவது தெளிவில்லை.’ ‘தாளுக்குள் நீர்க்குறி: அரச இலச்சினை.’ ஒருவருடைய சான்றிதழின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு பூனை இருந்தது. அதுவும் வந்தது.

"அது எங்க சின்னது கிறுக்குனதுங்க மிஸ்," என்றார் அந்த ஆள் பதறிப்போய்.

"இருக்கலாம். யாரு வரைஞ்சதுன்னு தாள்ல இல்லையே. பூனைன்னு மட்டும்தான் போட்டிருக்கேன்."

இந்த நீர்க்குறி, அதாவது வாட்டர்மார்க், என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். பேப்பரோடு புழங்குகிற தொழில்காரன் நான். ஆனால் காசு நோட்டில் மட்டும்தான் அது இருக்கும் என்று நினைத்திருந்தேன். "தாள் காயுறதுக்கு முன்னாடி, கூழா ஈரமா இருக்கையிலயே கம்பியால அழுத்திருவாங்க தம்பி. மேல பூசுறது இல்ல. அந்த இடத்துல தாள் கொஞ்சம் மெலிசு, அதனால வெளிச்சம் கூட வருது. அத அழிக்கணும்னா தாளையே கிழிக்கணும்." அன்றைக்குப் பூராவும் என் கடையிலிருந்த பேப்பர் கட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றிலும் ஒன்றுமில்லை. மிஸ் கதவோரம் நின்று பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். சிரித்திருந்தாலாவது பரவாயில்லை.

மத்தியானம் கீழே வடை வாங்குவோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பழைய கொப்பித் தாளில் சுற்றித் தருவார்கள். எல்லோரும் வடையைத் தின்றுவிட்டுத் தாளைக் கசக்கி எறிவோம். மிஸ் வடையை ஓரமாக வைத்துவிட்டு எண்ணெய் ஊறிய தாளைப் பிரித்து நீவி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். "இந்தப் பிள்ளையோட கணக்கு சரி. டீச்சர் தப்பு போட்டிருக்காங்க," என்பார் வருத்தமாக. அதற்குள் வடை ஆறிப் போயிருக்கும்.

பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. தாளைக் கொண்டு வராமல் அதைப் படம் பிடித்து அனுப்பத் தொடங்கினார்கள். மிஸ்ஸின் தொழில் இதோடு கெட்டது என்று நினைத்தேன். அவர் சட்டத்தை மாற்றவில்லை. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற ஒரு பையன் சான்றிதழை ஏதோ இலவச ஆப்பில் ஸ்கேன் செய்து அனுப்பினான். அந்த ஆப் தன் பெயரைக் கீழே சாம்பல் நிறத்தில் அடித்துவிட்டிருந்தது. மிஸ் அதையும் மொழிபெயர்த்து முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார். விண்ணப்பம் வாங்குகிற இடத்தில், அந்தப் பெயர் எந்த அமைச்சின் கீழ் வரும் அரசாங்கத் திணைக்களம் என்று கேட்டார்களாம். பையன் படியேறி வந்து கத்தினான்.

"மிஸ், அது சும்மா ஆப் பேரு மிஸ்! அதப் போயி எழுதுவாங்களா?"

"தாள்ல இருந்துச்சு, எழுதினேன். அடுத்த தடவ தாளையே கொண்டாங்க."

இதைச் சொல்லி நான் பலரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அடுத்ததை யாரிடமும் சிரிப்புக்காகச் சொன்னதில்லை. கொட்டகலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருப்பதாகக் கடிதம் கொண்டு வந்தாள். கடிதம் போனுக்குள் இருந்தது. மிஸ் போனின் வெளிச்சத்தை முழுக்கக் கூட்டினார். பிறகு இரண்டு விரலால் கடிதத்தைப் பெரிதாக்கி, அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்தார். எழுத்துகளுக்குப் பின்னால், சாய்வாக, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத சாம்பலில், ஆங்கிலத்தில் ஒரு சொல் ஓடியது. ‘மாதிரி’ என்று அர்த்தம். இன்டர்நெட்டில் கிடைக்கிற மாதிரிக் கடிதத்தை எடுத்து, வாட்டர்மார்க்கை அழிக்கத் தெரியாமல் மங்கலாக்கி, மேலே அவள் பெயரை அடித்திருந்தான் ஏஜென்சிக்காரன்.

"அத விட்டுட்டு எழுதிக் குடுங்க மிஸ். அடுத்த கிழமை பிளைட்," என்றாள் அவள்.

"உள்ளதத்தான் எழுத முடியும்."

"காசெல்லாம் குடுத்தாச்சுங்க மிஸ். எங்கம்மா தாலிக் கொடி கூட இல்ல இப்ப."

அந்தச் சொல்லையும் சேர்த்தே மிஸ் எழுதினார். அந்தப் பெண் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதாள். எனக்கு மிஸ்ஸின் மேல் அப்படி ஒரு கோபம். கல் நெஞ்சு என்று நினைத்தேன். அந்த வாரமே ஏஜென்சிக்காரனின் போன் அடைபட்டுவிட்டது. அவள் நன்றி சொல்ல வரவில்லை. பல மாதம் கழித்துக் கொட்டகலையில் ஒரு துணிக்கடையில் நிற்பதைக் கண்டேன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் தொழிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிஸ்ஸுக்கு நேர் எதிரான தொழில் அது. என்னிடம் வருகிற தாள்களில் பாதி, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் கூரை ஒழுகி நனைந்தவை, அரிசி மூட்டைக்குக் கீழே கிடந்தவை, அடுப்புப் புகையில் பழுத்தவை. அப்படியே கொப்பி எடுத்தால் வெள்ளையாகத்தான் வரும். அதனால் மங்கிய எழுத்தின் மேல் பேனாவால் மெல்ல ஓட்டுவேன். வெகு கவனமாக, எழுத்து எழுத்தாக. பிறகு எடுத்தால் கொப்பி பளிச்சென்று வரும். "தம்பி கிட்ட குடுத்தா செத்த எழுத்துக்கும் உசுரு வந்துரும்," என்று தோட்டத்துச் சனம் சொல்லும். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. மிஸ்ஸுக்கு மட்டும் அது பிடிக்காது. "நோகாம மேக்கப் போடுறீங்க," என்பார்.

செல்லையா அண்ணனின் கடிதம் வந்தது நல்ல மழை நாளில். அவர் டிக்கோயாவுக்கு அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். நான் பிறந்த லயத்தில் எங்களுக்கு மூன்று காம்பரா தள்ளி இருந்தவர். லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் நிலம். அவருடைய அப்பா பாறையை உடைத்துச் சீராக்கிய இடம். ஒரு ஓரத்தில் லீக்ஸும் போஞ்சியும். மறு ஓரத்தில் அவருடைய மகள் கல் அடுக்கி, இரண்டு அறையில் ஒரு வீடு கட்டியிருந்தாள். அந்தக் குடும்பத்தில் லயத்தை விட்டு வெளியே வந்த முதல் ஆள் அவள்தான். இப்போது தோட்டத்தை நடத்துகிற கம்பனி, அந்தச் சரிவில் சுற்றுலாக்காரர்களுக்கு விடுமுறை பங்களா கட்டப் போகிறோம், காலி பண்ணுங்கள் என்றது. பிரதேச செயலகத்தில் விசாரணை வைத்திருந்தார்கள்.

செல்லையா அண்ணனின் கையில் இருந்ததெல்லாம் ஒரே ஒரு கடிதம். ஆங்கிலத்தில் டைப் அடித்தது. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை, இந்த நிலத்தை இவரும் இவர் பிள்ளைகளும் பயிர் செய்து இருந்துகொள்ளலாம் என்று அவருடைய அப்பாவுக்கு எழுதிக் கொடுத்தது. பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, சட்டைக்குள் வைத்துக் கொண்டு வந்திருந்தார்.

"கையெழுத்து தெளிவா இல்லன்னு கிராம சேவகர் சொல்றாரு தம்பி. கொஞ்சம் பார்த்துப் பண்ணு."

பார்த்தேன். துரையின் பெயர் டைப் அடித்த இடத்துக்கு மேலே ஏதோ மங்கலாக ஊறிப்போய்க் கிடந்தது. கையெழுத்து என்றுதான் நினைத்தேன். வெள்ளைக்காரன் கையெழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? முதல் எழுத்தைப் பெரிதாகச் சுழித்து, கடைசியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன். சட்டைப் பையிலிருந்த நீல ஜெல் பேனாவால், கொப்பியில் அல்ல, அந்தத் தாளிலேயே.

"அடேயப்பா! அச்சா தொரை இப்பத்தான் போட்ட மாதிரி இருக்கே!" என்று செல்லையா அண்ணன் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

நான்கு கொப்பி எடுத்துக் கொடுத்தேன். சிங்களத்தில் மொழிபெயர்க்க அவரையே மிஸ்ஸிடம் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் மிஸ் அந்தத் தாளோடு என் கடைக்கு வந்துவிட்டார். பின்னால் செல்லையா அண்ணன். வெளியே வெளிச்சமில்லை.

மூடியைத் தூக்கினார். பொத்தானை அழுத்தினார். வெளிச்சம் ஓடியது. "ம்," என்றார். திரும்ப அழுத்தினார். ஐந்து முறை அழுத்தினார்.

"அண்ணே, இந்தக் கடுதாசி எந்தக் காலத்துது?"

"தோட்டத்த கவருமென்டு எடுக்கிறதுக்கு முந்திங்க மிஸ். எங்கப்பாவுக்கு வெள்ளக்கார தொரை கையால குடுத்தது."

"தாளுக்குள்ள கூட்டுத்தாபனத்துப் பேரு இருக்கு."

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகுதான் அவற்றை நடத்தக் கூட்டுத்தாபனம் வந்தது. அதற்குள் வெள்ளைக்காரத் துரைமார் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். துரை கையெழுத்துப் போட்டதாகச் சொல்கிற தாள், துரை போன பிறகு செய்யப்பட்ட தாள். இதை மிஸ் விளக்கமாகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. செல்லையா அண்ணனுக்கு விளங்கிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அப்ப எங்கப்பா பொய்யா சொன்னாரு?"

அந்தக் குரலை எனக்கு இன்றைக்கும் கேட்கப் பிடிக்காது.

"தாளு பிந்தினதுன்னு மட்டும்தான் சொன்னேன்." மிஸ் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தை விரலால் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். "தம்பி, இங்க தொட்டுப் பாருங்க."

தொட்டேன். டைப் அடித்த எழுத்து தாளைக் குத்திப் பின்பக்கத்தில் மேடு தட்டியிருந்தது. நான் கையெழுத்துப் போட்ட இடத்துக்குப் பின்னாலும் மூன்று மேடு.

"எஸ், ஜி, டி. ‘சைன்ட்’ங்கிறதோட சுருக்கம். கையெழுத்து அசல்ல இருக்கு, இது அதப் பார்த்து அடிச்ச நகல்னு சொல்றதுக்கு அந்தக் காலத்து ஆபீஸ்ல இப்படித்தான் அடிப்பாங்க. பின்னால வந்த கிளாக்கர், பழைய பைலப் பார்த்து, கையில இருந்த பேப்பர்ல ஒழுங்கா ஒரு நகல் எடுத்துக் குடுத்திருக்காரு. உங்கப்பா சொன்னதுல ஒரு பொய்யும் இல்ல அண்ணே. தொரை குடுத்த கடுதாசி ஒன்னு இருந்திருக்கு."

செல்லையா அண்ணன் மூச்சு விட்டார். நானும் விட்டேன்.

"ஆனா," என்றார் மிஸ், "நகல் மேல புதுசா ஒரு கையெழுத்து இருக்கு. நீல மை."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்தார். செல்லையா அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, தரையைப் பார்த்தார். நேர்மையான ஒரு நகலைக் கள்ளக் கடிதமாக ஆக்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. பாறையை உடைத்தது ஒருவர், வீடு கட்டியது ஒருத்தி, கெடுத்தது நான்.

அண்ணனை அனுப்பிவிட்டு மிஸ்ஸின் அறைக்குப் போனேன். அவர் டைப் செய்துகொண்டிருந்தார்.

"மிஸ், அந்த ஒரு வரிய மட்டும் விட்டுருங்க. மத்ததெல்லாம் எழுதுங்க."

"ஏன்?"

"அந்த வீடு போயிரும் மிஸ். யாரு இத வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கப் போறா?"

"நான் பார்த்தேனே."

"உங்கள மாதிரி ஊருல எத்தன பேரு இருக்காங்க?"

"ஒரு ஆள் இருந்தா போதும் தம்பி. அந்த ஆளு கம்பனி லோயரா இருந்தா?"

கெஞ்சினேன். கொஞ்சம் கோபமாகவும் பேசினேன். கொட்டகலைப் பெண்ணின் வயிற்றெரிச்சலைக் கூட இழுத்தேன். அவர் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தார். முடித்ததும் சிங்களத்தில் அடித்ததைத் தமிழில் எனக்குப் படித்துக் காட்டினார். தாளுக்குள் இருக்கும் நீர்க்குறி. கையெழுத்துக்குரிய இடத்தில் டைப் அடித்த மூன்று எழுத்துகள், அவற்றின் பொருள். அவற்றின் மேல், பிற்காலத்தில், நீல மையால் இடப்பட்ட ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

"எம் பேரப் போடலியா?"

"உங்க பேரு தாள்ல இல்லையே."

நான் அப்போது நிம்மதிப்பட்டேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

விசாரணைக்கு நானும் போனேன். எதற்குப் போகிறேன் என்று தீர்மானிக்காமலே போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கம்பனிக்குக் கண்டியிலிருந்து ஒரு இளம் லோயர் வந்திருந்தார். கெட்டிக்காரர். அசல் கடிதத்தைக் கேட்டு வாங்கி நேராக ஜன்னலுக்குப் போனார். மிஸ்ஸைப் போலவே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். திரும்பியபோது முகத்தில் சிரிப்பு. இந்தத் தாளே பிற்காலத்துத் தாள், இது கள்ளக் கடிதம், என்று சிங்களத்தில் அழகாகப் பேசினார். விசாரணை அதிகாரி கையிலிருந்த மொழிபெயர்ப்பின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார்.

"அது இங்கேயே எழுதியிருக்கிறது," என்றார் அவரும் சிங்களத்தில். "நகல் என்றும் எழுதியிருக்கிறது. இவர்கள் எதையும் மறைக்கவில்லையே."

லோயர் அதை வாங்கிப் படித்தார். சிரிப்பு போய்விட்டது. ஆனால் படித்துக்கொண்டே வந்தவர் மூன்றாவது குறிப்பில் நின்றார். "அப்படியானால் நகலின் மேல் கையெழுத்துப் போட்டது யார்?"

பக்கத்திலிருந்த கிளாக்கர் அதைத் தமிழில் கேட்டார். "ஐயா, இந்த நீல மைக் கையெழுத்து யாரு போட்டது?"

செல்லையா அண்ணன் எழுந்தார். தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நாந்தாங்கய்யா," என்றார்.

ஆங்கிலத்தில் ஒரு எழுத்து எழுதத் தெரியாத மனிதர். கிளாக்கர் எழுதத் தொடங்கினார். அண்ணன் பின்னால் திரும்பி என்னைப் பார்க்கவே இல்லை. அவருடைய மகள் பார்த்தாள். எனக்கு என்னென்னவோ ஓடியது. போலீஸ், கடை, கடைக்கு இனி வரப்போகும் பெயர். பேனா தாளில் ஓடுகிற சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"அவரு இல்லங்க," என்று எழுந்தேன். "நான்தான் போட்டேன். ஹட்டன்ல கொப்பிக் கடை வச்சிருக்கேன். மங்கலா இருந்துச்சு, தெளிவாகட்டும்னு போட்டேன். அவருக்கு அதுல ஒன்னும் தெரியாது."

கிளாக்கர் எரிச்சலோடு எழுதியதை அடித்துவிட்டுத் தொடர்ந்து எழுதினார். என்னைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். அதிகாரி என்னை ஒரு மூச்சு ஏசித் தீர்த்தார். பிறகு, அந்தக் கையெழுத்தைக் கணக்கிலெடுக்காமல் நகலை நகலாகவே ஏற்பதாகவும், தோட்டம் பழைய பைலைக் கொண்டு வர வேண்டும், அதுவரை அந்த நிலத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்றும் எழுதினார். சில மாதம் கழித்து, பைலைக் காணவில்லை என்று தோட்டம் எழுதிக் கொடுத்தது. அதையும் மிஸ்தான் செல்லையா அண்ணனுக்காகத் தமிழாக்கினார். ‘கீழே கையெழுத்து இல்லை’ என்று குறித்திருந்தார். பங்களா வேறொரு சரிவில் எழும்பியது. வீடு இன்றைக்கும் இருக்கிறது.

விசாரணை நடந்த அன்று பின்னேரம், என்னுடைய வாக்குமூலத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு மிஸ்ஸின் அறைக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று சொல்லப் போனேன். நல்லது தம்பி என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது வரக்கூடாதா?

"என்ன மொழியில எழுதினாங்க?"

"சிங்களத்துல."

"வாசிச்சிட்டா கையெழுத்து போட்டீங்க?"

"அவ்வளவு வேகமா எனக்கு வாசிக்க வராது மிஸ்."

வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். அன்றைக்கு மழை விட்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினார். என் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம். "‘மேற்படி நகலின் மேல் நீல மையால் கையொப்பமிட்டவர்’," என்று படித்து நிறுத்தினார். "இங்க ஒரு பேரு எழுதி அடிச்சிருக்கு. செல்லையா. அதுக்குப் பின்னால அவரு விலாசம், முழுசா. அதையும் அடிச்சிருக்கு. அதுக்கு மேல சின்னதா உங்க பேரு."

விரல் அந்த அடித்தலின் மேல் இருந்தது. பெயர் ஒரு வரி. விலாசம் இரண்டு வரி. மெதுவாக எழுதுகிற கிளாக்கர் அவர்.

"நான் உடனே எழும்பல மிஸ்," என்றேன். "அவரு சொன்னாரு. கிளாக்கர் அம்புட்டையும் எழுதி முடிக்கிற வரைக்கும் உக்காந்துதான் இருந்தேன்."

மிஸ் தாளை இரண்டாக மடித்து என் பக்கம் தள்ளினார்.

"இத அவருகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. அவங்க முந்தின பஸ்ல போயிட்டாங்க."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சரைக்கு டிக்கோயாவுக்கு இன்னொரு பஸ் இருக்கு. கடைய நான் பாத்துக்கிறேன்."

சாவியை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.